முன்சக்கரம் தூக்கினால் முக்கால் விநாடிதான்!

டிராக்டர் வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று இயக்க விதிகள்

சேற்றில் சிக்கிய டிராக்டரை எப்படியும் முன்னோக்கியே எடுத்துவிட வேண்டும் என்று ஆக்சிலேட்டரை முழுவதும் கொடுப்பது, நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு ஏரிக்கரைச் சாலையில் வேகம் குறைக்காமல் திரும்புவது, மட்கார்டில் இரண்டு பக்கமும் ஆட்களை உட்காரவைத்துக்கொண்டு நடவுக்குப் போவது... இவையெல்லாம் கிராமங்களில் அன்றாடம் நடப்பவைதான். நூறு முறை ஒன்றும் ஆகாது. நூற்றியோராவது முறை, 'டிராக்டர் குடைசாய்ந்து ஒருவர் பலி' என்று செய்தி வரும். 'அவன் நேரம் சரியில்லை' என்று ஊர் பேசும். ஓட்டியவர் புதியவராகத்தான் இருப்பார் என்றும் இல்லை. இருபது வருடம் கை பழகியவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள்.

இதில் நேரத்தின் குற்றம் எதுவும் இல்லை. எடை, வேகம், விசை ஆகிய மூன்றும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஐசக் நியூட்டன் 1687-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மூன்று விதிகளாக எழுதிவைத்துவிட்டார். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே அந்த 'இயக்க விதிகள்'தான். வீட்டில் மகனோ மகளோ அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், அப்பா அந்த விதிகளின் மேல்தான் வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பாடத்தைப் புத்தகத்திலிருந்து வயலுக்குக் கொண்டுவந்தால், உயிரும் மிஞ்சும், டீசலும் மிஞ்சும்.

மாட்டு வண்டிக்குத் தெரிந்த பாடம்

மாட்டு வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இந்த விதிகள் பெயர் தெரியாமலே தெரியும். வண்டியில் பாரம் ஏற்றும்போது முன்பாரமும் ஆகக் கூடாது, பின்பாரமும் ஆகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும் என்பதால், ஆள் இறங்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

மாட்டு வண்டியில் தப்பு செய்தால் மாடு நின்றுவிடும், அல்லது மிரண்டு காட்டும். எச்சரிக்கை கிடைக்கும். டிராக்டர் அப்படி எச்சரிக்காது. ஓட்டுபவர் கேட்கும் விசையை, சரியா தவறா என்று பார்க்காமல் கொடுத்துவிடும். அதனால்தான் மாட்டு வண்டியில் அனுபவமாக வந்த அறிவை, டிராக்டரில் புரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

முதல் விதி: நிற்பது நிற்கவே பார்க்கும்; ஓடுவது ஓடவே பார்க்கும்

வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றும் வரை, நிற்கும் பொருள் நின்றபடியே இருக்கும். ஓடும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். இதுதான் முதல் விதி. பொருளுக்கு இருக்கும் இந்தப் பிடிவாதத்துக்கு 'நிலைமம்' என்று பெயர்.

களத்தில் இதைப் பயன்படுத்தித்தான் நெல் அடிக்கிறோம். அரியை ஓங்கிக் கல்லில் அடிக்கும்போது தாள் சட்டென்று நின்றுவிடுகிறது. தாளோடு சேர்ந்து வேகமாக வந்த நெல்மணி நிற்க மறுத்து, காம்பை விட்டுப் பறக்கிறது. புளியங்கிளையை உலுக்கும்போது நடப்பது இதன் மறுபக்கம். கிளை நகர்கிறது, காய் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது, காம்பு ஒடிகிறது.

மட்கார்டில் உட்கார்ந்திருப்பவர் விஷயமும் இதேதான். டிராக்டர் 20 கி.மீ. வேகத்தில் போனால் அவரும் 20 கி.மீ. வேகத்தில் போகிறார். குறுக்கே ஆடு வந்து பிரேக் பிடித்தால் டிராக்டர் நிற்கும். அவரை நிறுத்த அங்கே எதுவும் இல்லை. அவர் முன்னோக்கிப் போவார். விழும் இடம் பெரும்பாலும் பின்சக்கரத்தின் பாதை. டிராக்டரில் ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான் உட்காருவதற்கு உரியது. மட்கார்டு, கொக்கிக் கலப்பை, டிரெய்லரை இணைக்கும் கம்பி ஆகிய மூன்றும் ஆள் ஏறும் இடங்கள் அல்ல. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவதும் அப்படித்தான்.

வளைவில் நடப்பதும் முதல் விதிதான். டிராக்டர் நேராகப் போகவே பார்க்கும். அதை வளைத்துத் திருப்புவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம். டயர் கீழே உள்பக்கமாக இழுக்கிறது. மேலே இருக்கும் எடை நேராகப் போகப் பார்க்கிறது. டிராக்டரின் அடிப்பகுதி தரையிலிருந்து உயர்ந்து இருப்பதால் எடையும் உயரத்தில்தான் இருக்கிறது. கீழே இழுப்பும் மேலே தள்ளலும் சேர்ந்து வண்டியை வெளிப்பக்கமாகச் சாய்க்கின்றன.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். 2 டன் எடையுள்ள டிராக்டர் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறது. 10 கி.மீ. வேகத்தில் திரும்பினால் அதைச் சாய்க்கப் பார்க்கும் விசை ஏறக்குறைய 160 கிலோ எடைக்குச் சமம். 20 கி.மீ. வேகத்தில் அது 630 கிலோ. 30 கி.மீ. வேகத்தில் 1,420 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் சாய்க்கும் விசை நான்கு மடங்கு, வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 'கொஞ்சம் வேகமாகத்தானே திருப்பினேன்' என்பது வாய்வார்த்தைக்குக் கொஞ்சம். டயருக்கு அது பல மடங்கு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் உண்டு. டிராக்டருக்கு இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. உழவில், வரப்போரம் குறுகலாகத் திருப்ப ஒரு பக்கத்தை மட்டும் அழுத்துவார்கள். அந்தப் பழக்கத்தோடு சாலைக்கு வந்து, வேகத்தில் ஒரு பக்க பிரேக்கை மட்டும் அழுத்தினால், ஒரு சக்கரம் நிற்கும், மறு சக்கரம் ஓடும். வண்டி அந்த இடத்திலேயே சுழன்று கவிழும். வயலை விட்டுச் சாலையில் ஏறுவதற்கு முன்பு இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொண்டியைப் போட்டுவிடுங்கள். இரண்டு விநாடி வேலை இது.

சுற்றும் தண்டும் நாலு முழ வேட்டியும்

ரோட்டாவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம், தண்ணீர் பம்பு ஆகியவற்றை ஓட்டும் பி.டி.ஓ. தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். அதாவது விநாடிக்கு 9 சுற்று. தண்டின் குறுக்களவு 8 செ.மீ. என்றால், ஒரு சுற்றுக்கு 25 செ.மீ. துணியைச் சுருட்டும். ஒரு விநாடியில் 2 மீட்டருக்கு மேல். நாலு முழ வேட்டியின் நுனி சிக்கினால் முழு வேட்டியும் சுற்றிக்கொள்ள ஒரு விநாடி போதும். சேலை என்றால் இரண்டரை விநாடி. 'பிடித்து இழுத்துவிடலாம்' என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இயந்திரத்தை நிறுத்திய பிறகும் தண்டும், அதோடு இணைந்த கனமான உருளையும் நிலைமத்தால் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது முழுவதும் நிற்கும் வரை அருகே போகக் கூடாது. தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறையை, 'கிரீஸ் அடிக்க இடைஞ்சல்' என்று கழற்றிப் போட்டவர்கள் அதை மறுபடியும் மாட்டிவிடுங்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்காதீர்கள். ஓடும் தண்டைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். கதிரடிப்பில் நிற்கும் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகி, கூந்தலைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் விதி: எடை கூடினால் நிற்க மறுக்கும்

ஒரு பொருளின் வேகத்தை மாற்ற எவ்வளவு விசை வேண்டும் என்பதைச் சொல்வது இரண்டாம் விதி. எடை அதிகமானால் அதிக விசை வேண்டும். குறைந்த நேரத்தில் மாற்ற வேண்டுமானாலும் அதிக விசை வேண்டும்.

முதலில் பிரேக்கைப் பார்ப்போம். டிரெய்லர் இல்லாத டிராக்டர் 20 கி.மீ. வேகத்தில் வருகிறது. பிரேக் பிடித்ததும் 5 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பிரேக், 40 கி.மீ. வேகத்தில் 10 மீட்டரில் நிறுத்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகும் தூரம் 20 மீட்டர். இங்கேயும் வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு.

இப்போது டிரெய்லரை மாட்டுவோம். 40 கிலோ சிப்பமாக 100 மூட்டை நெல் ஏற்றினால் 4 டன். டிரெய்லரின் சொந்த எடை 1 டன் என்று வைத்தால் மொத்தம் 5 டன். டிராக்டர் 2 டன். ஆக, 7 டன் எடை ஓடி வருகிறது. நம் ஊரில் ஓடும் பல டிரெய்லர்களில் பிரேக் கிடையாது. இருந்தாலும் வேலை செய்வதில்லை. 2 டன்னை நிறுத்திக்கொண்டிருந்த டிராக்டரின் பின்சக்கர பிரேக்தான் இப்போது 7 டன்னையும் நிறுத்த வேண்டும். எடை மூன்றரை மடங்கு. எனவே நிற்கும் தூரமும் மூன்றரை மடங்கு. 40 கி.மீ. வேகத்தில் 20 மீட்டராக இருந்தது 70 மீட்டராகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும். அதற்குள் இன்னும் 11 மீட்டர் போயிருக்கும். மொத்தம் 80 மீட்டருக்கு மேல். 25 அடி இடைவெளியில் நட்ட தென்னந்தோப்பில் பத்து மரங்களைத் தாண்டித்தான் வண்டி நிற்கும்!

இதே சுமையோடு 20 கி.மீ. வேகத்தில் வந்தால், மொத்தம் 23 மீட்டரில் நின்றுவிடும். கொள்முதல் நிலையத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போவதால் நெல் கெட்டுவிடாது.

இறக்கத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. டீசல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது பின்னால் இருக்கும் 5 டன், முன்னால் இருக்கும் 2 டன்னைத் தள்ள ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் சற்று வளைந்திருந்தால், டிரெய்லர் டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கித் தள்ளிவிடும். எந்த கியரில் ஏற்றம் ஏறுவோமோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். இறங்க ஆரம்பித்த பிறகு கியர் மாற்றக் கூடாது.

தக்காளிக்குக் கீழே வைக்கோல் எதற்கு?

இரண்டாம் விதியின் மற்றொரு பாதி, நேரம். நிற்க எடுக்கும் நேரமும் தூரமும் கூடினால், அடி குறையும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தக்காளி சிமென்ட் தரையில் விழுந்து அரை செ.மீ. நசுங்கி நிற்கிறது என்றால், அது தாங்க வேண்டிய விசை அதன் எடையைப்போல ஏறக்குறைய 200 மடங்கு. கீழே வைக்கோல் பரப்பி, 5 செ.மீ. அமுங்கி நிற்கவைத்தால் விசை 20 மடங்காகக் குறைகிறது. தக்காளிக் கூடையில் வைக்கோல் போடுவதும், வாழைத்தாருக்குச் சருகு வைப்பதும் இந்தக் கணக்கைத்தான் செய்கின்றன. பள்ளம் மேடான சாலையில் வேகத்தைக் குறைத்தால் அடிபட்ட காய் குறைவது சந்தையில் எடை போடும்போது தெரியும்.

சிக்கிய வண்டியை இன்னொரு டிராக்டரால் இழுக்கும்போது, இதே விதி எதிராக வேலை செய்யும். சங்கிலியைத் தொய்வாக விட்டு, வேகமாகப் போய் வெடுக்கென்று இழுத்தால், மிகக் குறைந்த நேரத்தில் பெரிய விசை சங்கிலியில் இறங்கும். சங்கிலியோ கொக்கியோ தெறித்தால், ஆளை அடிக்கும். நைலான் கயிறு ரப்பர்போல நீண்டு, அறுந்தவுடன் சாட்டையாகத் திரும்பி வரும். முதலில் தொய்வை எடுத்து, கிளட்சை மெதுவாக விட்டு இழுக்க வேண்டும். சங்கிலியின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

மூன்றாம் விதி: தள்ளினால், அதுவும் தள்ளும்

ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு. பரிசலில் துடுப்பால் தண்ணீரைப் பின்னால் தள்ளினால், தண்ணீர் பரிசலை முன்னால் தள்ளுகிறது. டிராக்டரும் அப்படித்தான் நகர்கிறது. டயர் மண்ணைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மண் டயரை முன்னோக்கித் தள்ளுகிறது. மண் எவ்வளவு திருப்பித் தள்ளுமோ, அவ்வளவுதான் இழுக்க முடியும். 50 குதிரைத்திறன் இருந்தாலும் மண் தள்ளாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

சக்கரம் இப்படி வழுக்குவதால் டீசலும் டயரும் வீணாகும். உங்கள் டிராக்டர் எவ்வளவு வழுக்குகிறது என்பதை நீங்களே அளக்கலாம். பின்டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிவைத்து, சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 40 மீட்டர் வருகிறது என்று வைப்போம். பிறகு அதே வயலில் உழுதுகொண்டே 10 சுற்றுக்கான தூரத்தை அளவிடுங்கள். 34 மீட்டர் வந்தால், 40-க்கு 6 மீட்டர் இழப்பு. அதாவது 15 சதவிகிதம் வழுக்கல். புழுதி உழவில் 10 முதல் 15 சதவிகிதம் வரை இருப்பது சரி. அதற்கு மேல் போனால், உழவின் ஆழத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பின்சக்கரத்தில் எடை கூட்ட வேண்டும், அல்லது தேய்ந்த டயரை மாற்ற வேண்டும். இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். பாடமும் புரியும், டீசலும் மிச்சமாகும்.

டிராக்டர் ஏன் பின்னோக்கிக் கவிழ்கிறது?

மூன்றாம் விதியின் ஆபத்தான பக்கம் இதுதான். அடியில் போல்ட் போட்டு இறுக்காத மோட்டாரை ஓடவிட்டால் என்ன ஆகும்? உள்ளே தண்டு ஒரு பக்கம் சுற்ற, மோட்டாரின் உடல் எதிர்ப்பக்கம் துள்ளும். டிராக்டரின் எஞ்சினும் பின்சக்கரத்தைச் சுழற்றும்போது, அதே அளவு விசை டிராக்டரின் உடலை எதிர்ப்பக்கம் சுழற்றப் பார்க்கிறது. அதாவது, முன்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கிறது. சக்கரம் தாராளமாக ஓடும் வரை பிரச்னை இல்லை. சேற்றில் அழுந்தியோ, கட்டையில் முட்டியோ சக்கரம் சுற்ற முடியாமல் போனால், சுழல்வதற்கு மிச்சமிருப்பது டிராக்டரின் உடல் மட்டுமே. முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கமாக ஓட்டுநர் மேலேயே விழும்.

முன்சக்கரம் தூக்க ஆரம்பித்து, இனி தடுக்க முடியாது என்ற நிலைக்குப் போக ஏறக்குறைய முக்கால் விநாடிதான் ஆகும். ஒரு மனிதர் ஆபத்தை உணர்ந்து காலை அசைக்கவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிறது. அதனால்தான் இருபது வருட அனுபவமும் அந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. இந்த நிலையை வரவிடாமல் செய்வது ஒன்றே வழி.

* சேற்றில் சிக்கினால் முன்னோக்கி எடுக்க முயலாதீர்கள். சக்கரத்தைச் சுற்றியுள்ள சேற்றை வெட்டி எடுத்துவிட்டு, பின்னோக்கி எடுங்கள். அப்போது எதிர்விசை முன்பக்கத்தைத் தரையில் அழுத்தும்.

* சக்கரத்தின் முன்னால் கட்டையைப் போட்டோ, சக்கரத்தோடு சேர்த்துக் கட்டியோ ஏற்றுவது கூடவே கூடாது. அது சக்கரத்தைப் பூட்டுவதற்குச் சமம்.

* பின்னோக்கியும் வரவில்லை என்றால், இன்னொரு டிராக்டரைக் கொண்டு இழுக்கச் சொல்லுங்கள்.

* எந்தச் சுமையையும் டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்டுங்கள். மரத்தூரை இழுக்கிறோம் என்று அச்சிலோ, கலப்பையின் மேல்கம்பியிலோ சங்கிலியைக் கட்டினால், இழுப்பு உயரத்திலிருந்து வரும். அது டிராக்டரின் தலையைப் பிடித்துப் பின்னால் சாய்ப்பதுபோல.

* கலப்பை மாட்டிய டிராக்டரைச் செங்குத்தான வரப்பில் முன்பக்கமாக ஏற்றாதீர்கள். பின்னால் கலப்பையின் எடை, கீழே சரிவு, சக்கரத்தின் எதிர்விசை மூன்றும் ஒரே பக்கம் சேரும். ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறைந்தது 5 மீட்டர் நீளமாவது இருக்கும்படி மண்ணைக் கொட்டிச் சரிவுப் பாதை அமைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லை என்றால், பின்னோக்கி ஏற்றுங்கள்.

* முன்சக்கரம் லேசாகத் தூக்கினாலே, முதலில் கிளட்சை மிதியுங்கள். எஞ்சின் விசை அறுந்தால்தான் முன்பக்கம் இறங்கும்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு, வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் இடம் விட்டுத் தாங்கும். ஸ்வீடன் நாட்டில் 1959-ம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களில் இது கட்டாயமாக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. புதிய டிராக்டர் வாங்கும்போது இந்த வளைவு உள்ளதா என்று கேளுங்கள். வளைவு இருந்தால் இருக்கை பெல்ட்டைக் கட்டாயம் போட வேண்டும். இல்லையென்றால் வளைவுக்கு வெளியே தூக்கி எறியப்படுவீர்கள். வளைவு இல்லாத டிராக்டரில் பெல்ட் போடக் கூடாது. சரியான பொருத்தத்துக்கு, அருகிலுள்ள வேளாண் பொறியியல் துறை அலுவலகப் பொறியாளர்களிடமோ, டிராக்டர் நிறுவனத்தின் முகவரிடமோ ஆலோசனை பெறலாம். பட்டறையில் கிடைத்த குழாயை வளைத்துப் பற்றவைப்பது பாதுகாப்பு ஆகாது.

வாசகர் கேள்விகள்

பின்டயரில் தண்ணீர் நிரப்பினால் இழுவை கூடும் என்கிறார்கள். எவ்வளவு நிரப்பலாம்?

உண்மைதான். எடை கூடினால் டயர் மண்ணை அழுத்திப் பிடிக்கும், வழுக்கல் குறையும். டயரின் கொள்ளளவில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, மீதியைக் காற்றால் நிரப்ப வேண்டும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, வால்வு மேல்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டு, வால்வு மட்டம் வரை நிரப்பினால் ஏறக்குறைய இந்த அளவு வந்துவிடும். இது புழுதி உழவுக்குத்தான் ஏற்றது. சேற்றுழவில் கூடுதல் எடை வண்டியை இன்னும் அழுத்திவிடும். அங்கே கேஜ் வீல்தான் சரி.

பவர் டில்லரைப் பின்னோக்கி எடுக்கும்போது கைப்பிடி மேலே தூக்குகிறது. இயந்திரக் கோளாறா?

கோளாறு இல்லை, மூன்றாம் விதி. முன்னோக்கிப் போகும்போது எதிர்விசை மூக்கைத் தூக்கி, கைப்பிடியைக் கீழே அழுத்தும். பின்னோக்கி எடுக்கும்போது இது தலைகீழாகி, கைப்பிடி மேலே எழும்பும். ஓட்டுபவர் பிடி தவறி விழுந்தால், சுழலும் கத்திகள் நேராக அவர் காலை நோக்கி வரும். எனவே, பின்னோக்கி எடுப்பதற்கு முன்பு சுழல் கத்தியின் இயக்கத்தைக் கட்டாயம் நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரைக் குறைத்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். பின்னால் வரப்போ மரமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நசுங்கும் ஆபத்தும் இதில் உண்டு.

தண்ணீர் டேங்கர் பாதி நிரம்பியிருக்கும்போது, முழுவதும் நிரம்பியதைவிட ஓட்டுவது கடினமாக இருக்கிறதே?

முழுவதும் நிரம்பிய டேங்கரில் தண்ணீர் அசைய இடம் இல்லை. பாதி நிரம்பியதில், வண்டி திரும்பினாலும் தண்ணீர் நேராகப் போகவே பார்க்கும். அதனால், எல்லாத் தண்ணீரும் வளைவின் வெளிப்பக்கமாகப் பாய்ந்து ஏறும். வண்டி சாய ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்திலேயே எடையும் கூடிவிடும். பிரேக் பிடித்தால், தண்ணீர் முன்னால் மோதி ஒருமுறை தள்ளும். முழு டேங்கராக எடுத்துச் செல்லுங்கள். அல்லது உள்ளே தடுப்புத் தகடு வைத்த டேங்கரைப் பயன்படுத்துங்கள். பாதி டேங்கரோடு போக வேண்டியிருந்தால் வளைவுகளில் நடை வேகம் போதும்.

மோட்டாரை நிறுத்தியதும் பைப்பில் 'டம்' என்று சத்தம் வருகிறது. பைப் இணைப்பும் அடிக்கடி விட்டுப்போகிறது. என்ன செய்யலாம்?

100 மீட்டர் நீளமுள்ள 3 அங்குல பைப்பில் ஏறக்குறைய 450 கிலோ தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டார் நின்றாலும் அந்தத் தண்ணீர் உடனே நிற்காது. சற்று முன்னால் போய், பிறகு திரும்பி வந்து, மூடிக்கொண்ட வால்வில் மோதுகிறது. அதுதான் அந்தச் சத்தம். மிகக் குறைந்த நேரத்தில் நிற்பதால் அடி பலமாக விழுகிறது. வலுவில்லாத இணைப்பு பிரிகிறது. மோட்டாரை நிறுத்துவதற்கு முன்பு, கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, ஓட்டம் நன்றாகக் குறைந்த பிறகு மோட்டாரை நிறுத்துங்கள். மின்சாரம் தானாகப் போகும் நேரங்களில் இப்படிச் செய்ய முடியாது. அதற்காக, பைப்பின் மேடான இடங்களில் காற்று வால்வு பொருத்தி, மோட்டாருக்கு அருகே நல்ல தரமான திரும்பா வால்வும் வைத்துக்கொள்ள வேண்டும். வளைவுகளில் பைப்பைச் சிமென்ட் கட்டையால் அசையாமல் தாங்கிப் பிடித்தால் இணைப்பு விடாது.